குறி போட்ட நோட்டு

ஏட்டய்யாவின் ஆள்காட்டி விரல் நகத்தில் மஞ்சள் கறை இருந்தது. காலையில் சாப்பிட்ட சாம்பாராக இருக்கும். அந்த நகம் என் நோட்டில் ஒரு பெயருக்கு எதிரே போய் நின்று இரண்டு தடவை தட்டியது.

“இது இன்னா?”

நான் பதில் சொல்வதற்குள் நகம் கீழே இறங்கியது. 

“ஏழுமலை, குறி. அவன் பொண்டாட்டி கன்னியம்மா, குறி. அடுத்த வூடு லட்சுமி, குறி. இப்பிடியே நாப்பத்தியோரு குறி. யாருக்கு வெச்ச குறி இது?”

சுவரோரமாகத் தரையில் ஏழுமலை அண்ணன் குந்தியிருந்தார். மேலே சட்டை இல்லை. குவாரி வேலைக்குப் போடுகிற காக்கி அரைக்கால் சட்டை மட்டும். முட்டியில் கல்தூள் அப்படியே ஒட்டியிருந்தது. நான் உள்ளே வந்ததிலிருந்து அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

போன வாரம் இந்தத் தொடரில் நான் சைக்கிள் பழகி ஏரிக்கரையில் உருண்ட கதையைப் படித்துவிட்டுத் திருவள்ளூரிலிருந்து ஒரு வாசகத் தங்கை எழுதியிருந்தாள். தனக்கும் தொண்டு வேலைக்குப் போக ஆசையாம். ‘உங்களுக்குப் பயமே கிடையாதா அக்கா?’ என்று கேட்டிருந்தாள். இந்த வாரம் அவளுக்காகத்தான் இந்த ஸ்டேஷனுக்குள் திரும்பப் போகிறேன்.

சம்பளம் இல்லாத வேலை

இருபத்து நாலு வயதில் என்ன நினைவுக் குறிப்பு என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். எனக்கு மறதி அதிகம். இப்போதே எழுதிவைத்தால்தான் உண்டு.

டிகிரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த வருஷம் அது. சும்மா என்றால், காலையில் டைப்ரைட்டிங், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் அம்மாவோடு சண்டை. படப்பை பஸ் ஸ்டாப் சுவரில் ஒரு நாள் நோட்டீஸ் பார்த்தேன். எழுத்தறிவு இயக்கத்துக்குத் தொண்டர்கள் தேவை. ஊதியம் இல்லை.

“சம்பளம் இல்லன்னா அதுக்கு எதுக்கு வேலைன்னு பேரு?” என்றாள் அம்மா. நல்ல கேள்வி. 

மூன்று நாள் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவர் சாமுவேல் சார். சார் என்றாலும் எங்களைவிட மூன்று வயதுதான் மூத்தவர். மீசை சரியாக முளைக்காத முகம். முதல் வேலை கணக்கெடுப்பு என்றார். வீடு வீடாகப் போய், யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று எழுதி வர வேண்டும். யார் மனமும் புண்படக் கூடாது. ‘தற்குறி’ என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவே கூடாது என்று மூன்று நாளும் சொன்னார்.

அச்சடித்த படிவம் வந்து சேரவில்லை. நானே எண்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். பெயர், வயது, வேலை என்று போட்டதும் கடைசிக் கட்டத்துக்குச் சுண்டுவிரல் அகலம்தான் மிச்சம். ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்பது அதில் அடங்காது. ‘தற்குறி’ அடங்கும், ஆனால் அது வசவு. யோசித்தேன். முன்னாலிருந்து ‘தற்’ என்பதை வெட்டிவிட்டுக் ‘குறி’ என்று மட்டும் எழுதினேன். வசவைப் பாதியாக வெட்டினால் வசவு போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

கல்லூரியில் தமிழ் எடுத்த மேடம் ஒருமுறை சொன்னார்: அந்தக் காலத்துப் பத்திரங்களில், எழுதத் தெரியாதவர் ஒரு கீறல் போடுவாராம். பக்கத்தில் இன்னொருவர் ‘இது இன்னார் தற்குறி’ என்று எழுதுவாராம். அப்படியானால் அது வசவே இல்லை, கையெழுத்துதான். இது சரியா தப்பா எனக்குத் தெரியாது. பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த மே மாதத்துக்குப் பிறகு

தொண்ணூற்றொன்று மே மாதம் என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. வெளியூரில் யாராவது கேட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்று சொன்னால் போதும். “அங்கியா?” என்பார்கள்.

குண்டு கட்டி வந்தவள் சுடிதார் போட்டிருந்தாளாம்; அதனால் சுடிதார் போட்ட பெண் ஏறினால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய் நின்றுகொண்டார். என்னிடம் இருந்த இரண்டு சுடிதாரையும் அம்மா டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினாள். வாடகைக்கு இருந்தவர்கள் ஊருக்குப் போய் வருகிறோம் என்று கிளம்பி, வரவே இல்லை.

எங்கள் பக்கத்துக் கல்குவாரியில் கொஞ்ச நாள் வேட்டு வைப்பதை நிறுத்தினார்கள். மத்தியான வேட்டுச் சத்தம் கேட்டு உலை வைத்துப் பழகிய வீடுகளில் சாப்பாட்டு நேரம் குழம்பிப்போனது. திரும்பவும் ஆரம்பித்த அன்று, முதல் வேட்டுக்குத் தெருவே உள்ளே ஓடிக் கதவைச் சாத்தியது. குவாரியில் வேலை செய்கிறவன் என்றாலே போலீஸ் இரண்டு தடவை பார்த்தது. வெடிமருந்து அவன் கையில் புழங்குகிற பொருள் ஆயிற்றே.

அந்த வருஷத்தில்தான் நான் கையில் நோட்டோடு போய், உங்கள் வீட்டில் எத்தனை பேர், என்ன பெயர் என்று கேட்டேன்.

ஒரு கிழவர் காது கேட்காதவர் மாதிரி நடித்தார். ஒரு வீட்டில் எல்லாரும் செத்துப்போய்விட்டதாகச் சொன்னார்கள், சொன்னவரையும் சேர்த்து. இரண்டு நாளில் நோட்டில் ஏறியது நாலு பெயர். அதில் ஒன்று ஆட்டுக்குட்டியின் பெயர் என்று பிறகு தெரிந்தது.

கன்னியம்மா அக்கா மட்டும்தான் கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். முப்பது வயதிருக்கும். நடவு வேலைக்குப் போகிறவர். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், தன் பெயரைச் சொல்லி, புருஷன் ஏழுமலை பெயரையும் சொல்லிவிட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

“நம்ம கண்டக்டரு பொண்ணுதான். எழுத்து சொல்லித்தர வந்துகீது. இன்னாத்துக்குப் பயப்படற, பேரச் சொல்லு” என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். ஆட்டுக்குட்டியின் பெயரை அடித்துவிட்டு எண்ணினால் நாற்பத்தொரு பெயர், எல்லாமே குறிதான். அதில் முக்கால்வாசி அக்காவை நம்பிச் சொன்னது.

முறத்துக்கு அடியில்

ஒரு மத்தியானம். கன்னியம்மா அக்கா வீட்டுக்குள் உட்கார்ந்து பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். குவாரியில் அன்றைக்கு அரை நாள்தான் வேலை; அண்ணன் அந்த உடுப்போடேயே சுவரில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணித்தொட்டிப் பக்கம் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்டது.

நான் தப்பு எதுவும் செய்யவில்லை. என்னிடம் பயிற்சிச் சான்றிதழ்கூட இருந்தது. ஆனால் என் கைக்கு அது தெரியவில்லை. நோட்டை எடுத்துக் கொட்டை நிறைந்த முறத்துக்கு அடியில் தள்ளியது. எழுந்துவிட்டேன்.

“எங்க போற?” என்றார் அக்கா.

“அம்மா சீக்கிரம் வரச் சொன்னாங்க.”

பின்பக்கமாகப் போய், வேலிக்காத்தான் புதரைச் சுற்றிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா யாரையும் வரச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கதவிடுக்கில் காதை வைத்து நின்றேன். ஜீப் போய்விட்டது. அப்பாடா என்று இருந்தது. அந்த ‘அப்பாடா’வை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் கன்னியம்மா அக்கா எங்கள் பின்வாசலில் வந்து நின்றார்.

வெளியூர் ஆள் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று பார்க்க வந்தார்களாம். இவர் குவாரியில் வேலை என்றதும் வீட்டைக் கலைத்துப் போட்டுத் தேடியிருக்கிறார்கள். முறத்தைக் கவிழ்த்தபோது நோட்டு கிடைத்திருக்கிறது. யார் நோட்டு என்று கேட்டதற்கு அண்ணன் தன்னுடையது என்று சொல்லிவிட்டார். யார் எழுதியது? நான்தான் என்றிருக்கிறார். அப்படியானால் படி. அவரால் படிக்க முடியவில்லை. ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

“ஏன்க்கா அப்படிச் சொன்னாரு?”

“பொம்பளப் புள்ளய ஜீப்புல இட்டுக்கினு போனா அப்புறம் அது பேரு இன்னாவும்? அதான்.”

இப்போது அக்கா என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.  அக்கா கூப்பிடவில்லை. அவர் கேட்டது வேறு.

“அதுல எங்க பேருக்கு நேரா இன்னா எழுதி வெச்ச? ‘அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லு, வுட்டுடறோம்’னு சொல்றாங்களாம். நீ எனக்குச் சொல்லு. நான் போயிச் சொல்லிக்கறேன்.”

“குறின்னு எழுதினேன்க்கா.”

“குறின்னா?”

சாமுவேல் சார் மூன்று நாள் வாயில் வரக் கூடாது என்றாரே, அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். முதலில் சொல்லும்போது சரியாகக் கேட்கவில்லை. இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. “அத்த முழுசா எழுதியிருக்கலாமே. எங்களுக்குத் தெரியாததா?” என்றார்.

புடவை கட்டு

அப்பாவுக்குத் திருப்பதி டூட்டி. வர இரண்டு நாள் ஆகும். சாமுவேல் சார் காஞ்சிபுரம் போயிருந்தார். அம்மா போகவே கூடாது என்றாள். நீ போய் நின்றால் உன்னையும் உட்காரவைப்பார்கள், அவர்களுக்கு யாராவது ஒருவர் வேண்டும், அது நீயாகவே இருக்கலாம் என்றாள். நியாயமாகத்தான் பட்டது. மனசுக்குள் நன்றியாகக்கூட இருந்தது. என்னைத் தடுக்க ஒரு ஆள் இருக்கிறதே.

அந்த ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

விடிந்ததும், போகவே கூடாது என்ற அம்மாவே டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். “சுடிதார் வேணாம். புடவ கட்டு. தலைய இறுக்கிப் பின்னு. டீச்சர் மாதிரி தெரியணும்.” ஒரு பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டு, என் டிகிரி சர்டிபிகேட், அப்பாவின் பஸ் பாஸ் எல்லாவற்றையும் போட்டாள். தடுப்பூசி போட்ட அட்டைகூட அதில் இருந்தது.

மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். அம்மாவும் கன்னியம்மா அக்காவும் ஸ்டேஷனுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்கள். அவ்வளவு நாள் அக்காவின் தெருப் பக்கமே தலைவைக்காத அம்மா, அவர் கையைப் பிடித்திருந்தாள். நான் மட்டும் படியேறினேன். உள்ளே பேப்பர் பழுத்த வாசனையும் பினாயில் வாசனையும். வயர்லெஸ் பெட்டி கரகரவென்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

எழுத்து ஒத்துப்போகவில்லை

“யாருக்கு வெச்ச குறி?”

 தற்குறி சார், சுருக்கி எழுதினேன் என்று சொன்னேன். எழுத்தறிவு இயக்கம், பயிற்சி, கட்டத்தின் அகலம் என்று கேட்காததையும் கொட்டினேன்.

ஏட்டய்யா பொறுமையாகக் கேட்டார். “தற்குறியச் சுருக்குனா ‘தற்’னுதானே வரும்? தலைய வெட்டிட்டு வால எவனாவது எழுதுவானா?”

வசவு என்பதால் வெட்டினேன் என்றேன். சொல்லும்போதே எனக்கே பொய் மாதிரி இருந்தது.

ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். நோட்டில் இருக்கிற முதல் பத்துப் பெயரை எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். தங்கையே, இந்த இடத்தில்தான் எனக்கு உயிர் போனது. என் கை ஆடிய ஆட்டத்தில் ‘ல’ எல்லாம் ‘வ’ ஆகிவிட்டது. வரி மேலே ஏறி, கீழே இறங்கி, நோட்டில் இருந்த அச்சுக் கையெழுத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஏட்டய்யா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஒத்துப்போகலியே. அப்போ இவன் எழுதுனதா?”

“அவருக்கு எழுதத் தெரியாது சார்.”

“தெரியாதுன்னு எப்பிடிக் காட்டுவ?”

தெரிந்ததைக் காட்டலாம். தெரியாததை எப்படிக் காட்டுவது? பி.எஸ்ஸி. கணக்கில் நான் வாங்கிய மார்க்கெல்லாம் சேர்ந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

ஏட்டய்யா சுவர்ப் பக்கம் திரும்பினார். “இன்னாடா, எழுதத் தெரியுமா?”

“தெரியும் சார்” என்றார் ஏழுமலை அண்ணன். “நோட்டு என்துதான். இந்தப் பொண்ண வூட்டுக்கு அனுப்பிடுங்க.”

“எழுது.”

பேனாவைக் கொடுத்தார்கள். பாறையில் துளை போடுகிற கம்பியைப் பிடிப்பதுபோல உள்ளங்கைக்குள் வைத்துப் பிடித்தார். தாளின்மேல் குனிந்தார். மூச்சை அடக்கினார். ஒரு புள்ளி வைத்தார். அதிலிருந்து ஒரு கோடு இழுத்தார், தாள் கிழிந்தது. நிமிரவில்லை. கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி ஒரு புள்ளி வைத்தார்.

யாரும் சிரிக்கவில்லை. வயர்லெஸ் மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஏட்டய்யா அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு வேறு தாளில் வாக்குமூலம் எழுத ஆரம்பித்தார். என்ன எழுதுகிறார் என்று தெரியவில்லை. என்னையும் சேர்த்து எழுதுகிறார் என்றே நினைத்தேன். எழுதி முடித்து, மை அட்டையைத் திறந்து, அண்ணனின் கட்டைவிரலைப் பிடித்துத் தாளின் அடியில் அழுத்தினார். பிறகு வழக்கம்போல, அதைப் பற்றி யோசிக்காமலே, ரேகைக்குப் பக்கத்தில் எழுதினார்: ஏழுமலை, தற்குறி.

ரேகை தாளின் ஓரத்தில் விழுந்திருந்தது. இடம் போதவில்லை. ‘தற்’ என்பதோடு வரி முடிந்துவிட்டது. கீழ்வரியில் ‘குறி’ தனியாகப் போய் உட்கார்ந்தது.

பேனா அப்படியே நின்றது. ஏட்டய்யா தான் எழுதியதைப் பார்த்தார். என் நோட்டைப் பார்த்தார். மஞ்சள் நகத்தால் மீசையைச் சொறிந்துகொண்டார்.

“கூட்டிக்கினு போ” என்றார் என்னிடம். “ஒரு வாரம் தெனம் வந்து ரேகை வெச்சிட்டுப் போவணும். நோட்டு இங்கியே இருக்கும். நீ இனிமே எதையும் முழுசா எழுது.”

வெளியே வந்ததும் எனக்கு வாந்தி வந்தது. வேப்பமரத்தடியில் அம்மா முதுகைத் தடவினாள். அண்ணனுக்குக் கன்னியம்மா அக்கா மடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தார். அதை முந்தின நாளிலிருந்தே மடியில் வைத்திருந்தார்.

நாற்பத்தொரு பெயரும் அந்த ஸ்டேஷன் பீரோவில் தங்கிவிட்டன. வெகுநாள் வரைக்கும் ஜீப் சத்தம் கேட்டால் ஒவ்வொரு பெயராக மனசுக்குள் எண்ணுவேன்.

காலிக் கட்டம்

சத்துணவுக் கூடத்தில் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தபோது வந்தது ஐந்து பேர். மற்றவர்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பி நடந்தார்கள். நான் அவர்களைத் தப்பு சொல்லவில்லை.

ஏழுமலை அண்ணன் வரவே இல்லை. அக்காவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் போய்க் கூப்பிட்டேன். “நோட்டு கீற எடத்துல எனக்கு இன்னா வேல?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் மேலே கேட்கவும் இல்லை.

புது நோட்டில் கட்டம் போட்டேன். இந்தத் தடவை கடைசிக் கட்டத்தை அகலமாக விட்டேன். கன்னியம்மா என்று எழுதிவிட்டு அந்தக் கட்டத்துக்கு வந்தபோது பேனா நகரவில்லை. அக்கா தன் விரலை அதன்மேல் வைத்தார்.

“இங்க நீ ஒண்ணும் போடாத. காலியா வுடு. நான் கத்துக்கினு நானே போட்டுக்கறேன்.”

பொங்கல் வரைக்கும் அது காலியாகவே இருந்தது. தை பிறந்து ஒரு சாயங்காலம் அக்கா நோட்டைக் கேட்டு வாங்கினார். என்ன எழுதப் போகிறார் என்று சொல்லவில்லை. தன் பெயரைத்தான் எழுதுவார் என்று நினைத்தேன். அந்தக் காலிக் கட்டத்தில் ‘தெ’ விழுந்தது. கொம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது. பிறகு ‘ரி’.

அப்போது ரோட்டில் ஒரு வண்டி திரும்புகிற சத்தம். மற்ற நாலு பேரும் வாசலைப் பார்த்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, என் கை மட்டும் தானாகப் போய் நோட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது.

அக்கா இடது உள்ளங்கையை நோட்டின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். தலை நிமிரவில்லை.

“இரு” என்றார். “இன்னும் ‘யும்’ பாக்கி கீது.”